அலி கையெழுத்துப் போட்ட கையுறை, நம்பி வாங்கலாமா?

காசிமேட்டுக்காரன்:
ஆன்லைனில் ஒரு சிவப்பு குத்துச்சண்டைக் கையுறை, முகமது அலி கையெழுத்தோடு, 38 ஆயிரம் சொல்கிறார்கள். 1980-ல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆட வந்தபோது போட்டதாம். எங்கள் ஏரியா பெரிசுகள் இன்னும் அந்தக் கதையைத்தான் பேசுகிறார்கள், அதான் மனசு கேட்கவில்லை. ‘அசல்’ என்று ஒரு சான்றிதழும் உண்டு.

வியாசர்பாடி மாமா:
தம்பி, விற்கிறவனே பிரிண்ட் எடுத்த சான்றிதழுக்கு டீக்கடை பில் மதிப்புதான். கையெழுத்தை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். நிஜப் பேனா என்றால் தோல் சுருக்கத்தில் மை கொஞ்சம் தேங்கியிருக்கும். அச்சென்றால் எங்கேயும் ஒரே கனம். பார்த்து வரைந்ததில் கோடு தயங்கித் தயங்கிப் போகும். இன்னொன்று, அலிக்கு பார்கின்சன் என்ற நடுக்க நோய் என்று கண்டுபிடித்தது 1984-ல். பிற்காலக் கையெழுத்து குறுகி நடுங்கும். அந்த மாதிரி இருந்தால் 1980 கதை இடிக்கும்.

ஜிம் பையன்:
கையெழுத்து அசலா என்று சரிபார்க்கும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ கம்பெனிகளின் ஸ்டிக்கர் இருந்தால் எண்ணை அவர்கள் தளத்தில் தட்டிப் பாருங்கள் அண்ணா. எண் வந்தாலும் பொருள் இதேதானா என்று பார்க்கணும். ஸ்டிக்கரையே போலியாக அடிக்கிறார்கள்.

காசிமேட்டுக்காரன்:
படம் கேட்டேன். ‘சீக்கிரம் சொல்லுங்க சார், இன்னும் நாலு பீஸ்தான் இருக்கு’ என்கிறார்.

வியாசர்பாடி மாமா:
நாலா? சரி, பிளாக் பண்ணிட்டு வேலையைப் பார்.