விண்வெளி நிலையத்தில் மிதப்பதற்குச் சொல்: தாங்கலின்மையா, விழுநிலையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்புக்கான ஈர்ப்புக் கையேட்டிலிருந்து ‘ஈர்ப்பின்மை’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி². கடலூரில் அது 9.78. பத்தில் ஒரு பங்கு குறைவதை ‘இன்மை’ என்பது பிழை. ‘எடையின்மை’யும் உதவாது. நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கணக்குப்படி 50 கிலோ விண்வெளி வீரருக்கு அங்கே 435 நியூட்டன் வருகிறது. இல்லாமற்போனது காலைத் தாங்கும் விசைதான். ‘தாங்கலின்மை’ எனலாமா?

மஞ்சக்குப்பம், கடலூர்

*

ஐயா, காரணம் சரி, சொல் இடறுகிறது. நம் பக்கம் தாங்கல் என்றால் சிற்றேரி. வேடந்தாங்கலை அறியாத பிள்ளை உண்டா?

‘இன்மை’ இல்லாததைத்தான் சொல்லும். நடப்பதோ விழுதல். ‘விழுநிலை’ என்று வைக்கலாம். வினைத்தொகை, விழுந்த, விழுகின்ற, விழும் என முக்காலமும் அடங்கும். நிலையத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. விநாடிக்கு 7.7 கி.மீ. ஓடுகிறது, புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு மூன்றே விநாடி. அந்த ஒரு விநாடியில் 4.4 மீட்டர் விழவும் செய்கிறது. பூமியும் அதே அளவு வளைந்து விலகிவிடுவதால் விழுந்து தீர்வதில்லை.

விழுநிலையை வகுப்பில் காட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடியிலிருந்து 3 செ.மீ. மேலே 4 மி.மீ. துளை. விரலால் அடைத்து நீர் நிரப்புங்கள். மூடி போடக் கூடாது. போட்டால் உள்ளே காற்று நுழையாமல், கையில் இருக்கும்போதே நீர் நின்றுவிடும். விரலை எடுத்து, நீர் பீறிடுவதைக் காட்டிவிட்டு, 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். பாட்டிலும் நீரும் ஒன்றாக விழுவதால், அந்த அரை விநாடி தாரை வராமல் நின்றுவிடும். கண்ணுக்குத் தப்பும், கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுங்கள். விடும்போது கை பாட்டிலில் இடித்தால் அது சுழலும். சுழற்சி நீரை வெளியே தள்ளும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

*

‘விழுநிலை’ நன்று, அம்மா. ஒரு கேள்வி வரும். பாட்டிலை மேலே எறிந்தாலும், கையை விட்ட கணமே தாரை நிற்கிறது. “மேலே போவது எப்படி விழுதல் ஆகும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆகவே விளக்கத்தில் திசையைச் சேர்க்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

விழுநிலை: ஈர்ப்பைத் தவிர வேறெதுவும் ஒரு பொருளைத் தாங்கவோ தள்ளவோ செய்யாத நிலை.

தேர்வுக்குப் படிப்பவர்கள் தடுமாறாதிருக்க, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘எடையின்மை’ இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம், கடலூர்