கல்யாணப் பரிசாக ஒரு ப்ளூபிரிண்ட்

என் தோழிக்கு வைகாசியில் கல்யாணம். சிவில் இன்ஜினியரிங் ஒன்றாகப் படித்தோம். மாப்பிள்ளையும் அதே வகுப்புதான். குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், மிக்ஸி எல்லாவற்றையும் உறவுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கொடுப்பது போட்டோவாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மண்டபத்தில் போட்டோகிராபர் எப்படியும் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுவார், 12×36 ஆல்பம் ஒன்று கனமாக வந்து சேரும். அதற்கு மேல் நானும் ஒரு கொலாஜ் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஒரே ஒரு படம், அதையும் கையால் செய்வது என்று பிடிவாதமாக இருந்தேன்.

எந்தப் படம் என்பதில் சந்தேகமே இல்லை. ஏற்காட்டில் நடந்த கல்லூரி சர்வே கேம்ப், அதாவது நில அளவைப் பயிற்சி முகாம். என் தோழி டம்பி லெவலில் (நிலத்தின் உயர வித்தியாசத்தை அளக்கும் தொலைநோக்கிக் கருவி) கண்ணை வைத்துக் குனிந்து நிற்கிறாள். தூரத்தில் மேட்டின் மேல் ஒருவன் ஸ்டாஃப், அதாவது அளவுகள் குறித்த உயரமான கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன்தான் மாப்பிள்ளை. அப்போது இருவரும் பேசிக்கொண்டதுகூட இல்லை. பழைய டம்பி லெவலில் பிம்பம் தலைகீழாகத் தெரியும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஆக, இவள் அவனை முதன்முதலில் உற்றுப் பார்த்ததே தலைகீழாகத்தான்!

சிவில்காரர்களுக்குக் கொடுப்பதை, நீலத்தில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் அந்தக் காலக் கட்டட வரைபடம் போல, நிஜமான ப்ளூபிரிண்டாகவே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இதன் பெயர் சயனோடைப். 1842இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. கட்டட வரைபடங்களை நகலெடுக்க ரொம்ப காலம் இதுதான் பயன்பட்டது. கேமரா, டார்க் ரூம் எதுவும் வேண்டாம், வெயில் போதும். கத்திரி நேரத்தில் அதற்கா பஞ்சம்?

லேப் கெமிக்கல் விற்கும் கடையில் இரண்டு பொருட்கள் வாங்கினேன். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லியிலும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். தண்ணீருக்கு பேட்டரி வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். சயனைடு என்று காதில் விழுந்ததும் அம்மா சமையலறைப் பக்கமே என்னை விடவில்லை. சாதாரணமாகக் கையாள்வதில் பெரிய ஆபத்து இல்லை என்றாலும் அம்மாவின் பயம் நல்லதுதான்: கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், வீரியமான ஆசிட்டோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது.

படத்தை மொபைலிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாக மாற்றி, ஜெராக்ஸ் கடையில் ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) பிரிண்ட் எடுத்தேன். லேசர் பிரிண்டில் கறுப்பு அவ்வளவு அடர்த்தியாக வராது. ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திவைத்தால் சரியாகிவிடும். முகம் பெரிதாகத் தெரியும் போட்டோவை இதற்கு எடுக்காதீர்கள். நீல முகம் கிருஷ்ணருக்குத்தான் பொருந்தும்.

கீழே வலது மூலையில் டிராயிங் ஷீட்டில் போடுவது போல ஒரு டைட்டில் பிளாக் போட்டேன். ப்ராஜெக்ட் என்ற இடத்தில் இருவர் பெயர், தேதி என்ற இடத்தில் முகூர்த்த நாள், ‘செக்டு பை’ என்ற இடத்தில் அவள் அப்பாவின் இனிஷியல்.

இரண்டு கரைசலையும் சம அளவில் கலந்து, தடிமனான 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பரில் மங்கிய ஜீரோ வாட் வெளிச்சத்தில் பூசி, இருட்டு அலமாரியில் காயவைத்தேன். அப்புறம் மொட்டை மாடி. பேப்பர் மேல் நெகட்டிவ், அதன் மேல் போட்டோ ஃப்ரேம் கண்ணாடி, ஓரத்தில் கிளிப். மஞ்சள் கலந்த பச்சை மெல்ல நீலமாகி, பிறகு சாம்பல் பூத்தது போல ஆகும். உச்சி வெயிலில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், பேப்பரில் வியர்வைத் துளி விழுந்தால் அந்த இடம் கறையாகிவிடும்.

கழுவும்போதுதான் வேடிக்கை. தண்ணீரில் போட்டதும் வெயில் படாத மருந்தெல்லாம் மஞ்சளாகக் கரைந்து ஓட, படம் மேலே வருகிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், அதனால் முதல் அலசலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளைச் சிவப்பாக்கும் அதே சுண்ணாம்பு இந்த நீலத்தைப் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். கடைசி அலசலில் சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நீலம் உடனே அடர்ந்துவிடும். விடாவிட்டாலும் ஒரு நாளில் காற்றுப் பட்டுத் தானாக அடரும்.

ரிசப்ஷன் மேடையில் கொடுக்காமல் மறுநாள் வீட்டில் கொடுத்தேன். “என்னடி இது, சைட் டிராயிங்கா?” என்றவளுக்கு, ஸ்டாஃபோடு நிற்கும் ஆளைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அவள் மாமனார் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஸ்கேல் போடலையேம்மா” என்றார்.

*

அருமை. நான் செய்தது இதற்கு நேர் எதிர், ஒரு படம் இல்லை, ஒரு சின்ன ஆல்பம். கல்யாணம் ஆகவிருந்த நண்பனின் சின்ன வயசுப் படங்களை அவன் அம்மாவிடம் ரகசியமாக வாங்கினேன். அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4×6 அங்குல பிரிண்ட்டை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், 8×12 வரை தெளிவாகப் பெரிதாக்கலாம்.

இன்னொன்று, ஃப்ரேமில் இருந்த பழைய ஸ்டுடியோ படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்க்கப் போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவில் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் நிம்மதி, படம் அவர் கண் முன்னாலேயே சுவருக்குத் திரும்பிவிட்டது.

*

அக்கா, வெயிலில் உருவான படம் வெயிலிலேயே வெளுத்துவிடாதா? தங்கச்சி மாதிரி ஒரு தோழிக்கு ஆவணியில் கல்யாணம், அதனால் கேட்கிறேன்.

*

நேர் வெயில் தொடர்ந்து பட்டால் வெளுக்கும்மா. ஆனால் எடுத்து இருட்டில் சில நாள் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடு. பெயின்ட் பண்ண வருகிறவர்கள் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்தால் அன்றைக்குக் கழற்றி வைக்கச் சொல். ஆவணியில் மேகமூட்டமாக இருந்தாலும் வேலை நடக்கும், வெயிலில் வைக்கும் நேரம்தான் கூடும். சின்னத் துண்டுப் பேப்பரில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பெரிய பேப்பரை எடு.