ஹார்ட் டிஸ்க் ஓபன் ஆகல, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது, அவசரம்!!

ஸ்டுடியோ செல்வம்
வணக்கம் நண்பர்களே, ஹார்ட் டிஸ்க்கை மாட்டுனா ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குது, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள ரெண்டு கல்யாணம் ஒரு காதுகுத்து எல்லாம் இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஆல்பம் டிசைனுக்கு அனுப்பணும், பொண்ணு வீட்டுல இருந்து தினம் போன். நல்ல சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லுங்க ப்ளீஸ்

மதுரைக்காரன்77
எக்ஸ்டர்னலா இன்டர்னலா? எத்தனை டிபி? கீழ விழுந்துச்சா? மாட்டுனா டிக் டிக்னு சத்தம் வருதா?

வயர்மேன் வாசு
கேபிள் பாஸ். எனக்குத் தெரிஞ்சு இதெல்லாம் கேபிள் பிரச்சனதான். மாத்திப் பாருங்க

ஸ்டுடியோ செல்வம்
கேபிள் மாத்திட்டேன், அதே கதைதான். விண்டோஸ்ல டிஸ்க்கை சரிபாக்குற செக்டிஸ்க் போட்டேன், ரா டிரைவ்னு (ஃபைல் அமைப்பே தெரியலையாம்) சொல்லி ஓட மாட்டேங்குது. அப்புறம் ஒரு வீடியோ பாத்து ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டேன், ராத்திரி பூரா ஓடி 11%லயே நிக்குது, விட்டு வைக்கவா?

டெர்மினல் தாத்தா
நிறுத்துங்க, கழட்டுங்க, கைய வைக்காதீங்க. மதுரைக்காரர் நாலு கேள்வி கேட்டாரு, ஒண்ணுக்கும் பதிலக் காணோம். டாக்டர்கிட்ட போயி "வலிக்குது மாத்திரை குடுங்க"ன்னா என்னத்த குடுப்பாரு? சாகப்போற டிஸ்க்கை ராத்திரி பூரா ஸ்கேன் பண்ணா படிக்கிற ஹெட்டு போற எடமெல்லாம் இன்னும் கெடும்.

ஸ்டுடியோ செல்வம்
சாரி ஐயா. எக்ஸ்டர்னல், 1 டிபி, சின்ன சைஸ். கீழ விழல (டேபிள்ல இருந்து லேசா சரிஞ்சுது). டிக் சத்தம் இல்ல, சும்மா சுத்துது. டிஸ்க் ஹெல்த் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல மஞ்சக் கலர், சி5ங்கிற லைன்ல ஏதோ நம்பர்

மதுரைக்காரன்77
"லேசா சரிஞ்சுது" 😂 அதத்தான் விழுந்துச்சான்னு கேட்டேன். சி5ன்னா பென்டிங் செக்டர், படிக்க முடியாம தடுமாறுற எடம். டிக் சத்தம் வராத வரைக்கும் சான்ஸ் இருக்கு. வந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு லேப்புக்குத்தான் கொண்டுபோகணும்.

குளிர்காலம்
பாலிதீன் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல 4 மணி நேரம் வைங்க. எங்க மாமா டிஸ்க் அப்படித்தான் வந்துச்சு

வயர்மேன் வாசு
இல்லன்னா கேஸை உடைச்சு, உள்ள இருக்குற டிஸ்க்கை நேரா கம்ப்யூட்டரோட சாட்டா போர்ட்ல மாட்டுங்க

மதுரைக்காரன்77
ஃப்ரீசரா! வெளிய எடுத்ததும் நம்ம ஊரு புழுக்கத்துக்கு உள்ள சுத்துற தட்டு (பிளாட்டர்) மேல தண்ணி கோக்கும். வாசு, சின்ன எக்ஸ்டர்னல் நெறையதுல யூஎஸ்பி போர்ட் போர்டுலயே சால்டர் பண்ணிருக்கும், சாட்டாவே இருக்காது. சிலதுல போர்டு டேட்டாவை என்கிரிப்ட் வேற பண்ணுது.

குளிர்காலம்
வந்ததத்தான் சொன்னேன். நீங்க பாத்தீங்களா

டெர்மினல் தாத்தா
ஃப்ரீசர் பஞ்சாயத்த வேற எங்கயாவது வச்சுக்கங்க. செல்வம், மொதல்ல இமேஜ் (டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலா நகல் எடுக்குறது), அப்புறந்தான் ரெக்கவரி. உபுண்டு லைவ் பென்டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணி குனு டிடிரெஸ்க்யூ போடுங்க. பேக்கேஜ் பேரு ஜிடிடிரெஸ்க்யூ, கமாண்டு பேரு டிடிரெஸ்க்யூ. நடுவுல கோடு போட்ட டிடி_ரெஸ்க்யூ வேற ஆளு, அது கர்ட் கார்லாஃப் எழுதுனது, இது அன்டோனியோ டியாஸ் டியாஸோடது. கொழப்பிக்காதீங்க. இது நல்ல எடத்த மொதல்ல அள்ளிட்டு கெட்ட எடத்தத் தாண்டிப் போகும், கடைசியாத்தான் திரும்பி வந்து சொரண்டும். முதல் ரவுண்டுல மைனஸ் என் போடுங்க, சொரண்டாது. ரெண்டாவது ரவுண்டுல அத எடுத்துட்டு மைனஸ் டி (டிஸ்க்ல இருந்து நேரடியா படிக்க), மைனஸ் ஆர்3 (கெட்ட எடத்த மூணு தடவ திரும்ப முயற்சிக்க). வரிசை: பழைய டிஸ்க், இமேஜ் ஃபைல், மேப் ஃபைல் (எது படிச்சாச்சு, எது பாக்கின்னு குறிச்சு வைக்குறது). மொத ரெண்டும் இடம் மாறுனா கல்யாணம் காலி. இமேஜ் போற டிஸ்க்ல 1 டிபிக்கு மேல காலி எடம் வேணும், ஃபேட்32 ஃபார்மட் ஆகாது, ஒரு ஃபைல் 4 ஜிபில நின்னுடும்.

பைட்டு பாண்டி
சாதா காப்பி கமாண்டு டிடில, எரர் வந்தாலும் நிக்காம போற கான்வ் நோஎரர் சிங்க் போட்டாலே போதுமே, இதுக்கு எதுக்கு தனி டூல்

டெர்மினல் தாத்தா
பிளாக் சைஸ் (ஒரு தடவ படிக்கிற அளவு) 1 எம்பி வச்சு ஒரு செக்டர் படிக்கலன்னா அந்த 1 எம்பி என்ன ஆகும், தம்பி சொல்லட்டும்.

பைட்டு பாண்டி
512 பைட் வச்சுக்கலாம்ல

மதுரைக்காரன்77
வச்சுக்கலாம், பொங்கலுக்கு முடியும். நடுவுல நின்னா எங்க விட்டோம்னும் தெரியாது.

*(இதுக்கப்புறம் 14 பதில் டிடி நல்லதா கெட்டதான்னு)*

ஸ்டுடியோ செல்வம்
தாத்தா சொன்னபடி போட்டேன், 61% வந்துச்சு, கரண்ட் போச்சு. திரும்ப பூட் பண்ணா மேப் ஃபைலைக் காணோம்!! ஹோம் ஃபோல்டர்ல தான வச்சேன்

டெர்மினல் தாத்தா
லைவ் பூட்ல ஹோம்ங்கிறது ரேம். கரண்ட்டோட அதுவும் போச்சு. இமேஜ் பக்கத்துலயே வைக்கணும்னு தெரியாதா?

நிலா
நீங்க சொல்லலையே தாத்தா 🙂

டெர்மினல் தாத்தா
...சரி, சொல்லல. இமேஜ் அழியாம இருக்குல்ல? புது ஃபைல்னாலதான் தப்பிச்சீங்க. டிடிரெஸ்க்யூல பெரிய ஜி போட்டா, இமேஜ்ல வெறும் சைபரா இருக்குற எடத்த "இன்னும் படிக்கல"ன்னு குறிச்சு புது மேப் எழுதித் தரும். துல்லியமா இருக்காது, உண்மையாவே சைபரா இருந்த எடத்தையும் திரும்பப் படிக்கும், ஆனா 61%ஐ மறுபடி ஓட்ட வேண்டாம். மேப்ப இமேஜ் இருக்குற டிஸ்க்லயே வச்சுட்டு முன்ன மாதிரியே ஓட்டுங்க. முடிஞ்சதும் இமேஜ காப்பி எடுத்து காப்பி மேலதான் டெஸ்ட்டிஸ்க்ங்கிற ரெக்கவரி டூல். ஃபைல் பேரு ஃபோல்டரோட கெடைக்கும். அது முடியலன்னா ஃபோட்டோரெக், கேமரா ரா ஃபைலும் எடுக்கும், ஆனா பேரெல்லாம் போயிடும்.

நிலா
செல்வம் என்ன ஆச்சு? வெள்ளிக்கிழம போயி செவ்வாயும் வந்துடுச்சு

ஸ்டுடியோ செல்வம்
மன்னிக்கணும் வேலைல மறந்துட்டேன். 99.98% வந்துச்சு, டெஸ்ட்டிஸ்க்லயே ஃபோல்டரோட கெடச்சுது. காதுகுத்துல மட்டும் இருவது முப்பது படம் கீழ்பாதி சாம்பல் கலரா இருக்கு, மாமா மடில உக்காந்த படமும் அதுலதான். எல்லாருக்கும் நன்றி

வயர்மேன் வாசு
அப்ப கேபிள் இல்லையா