லோட்டஸ் செவன்: பழைய வண்டி வாங்கலாமா, கேட்டர்ஹாமா?

கேள்வி: கதவு, கூரை எதுவுமில்லாத இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு இத்தனை மவுசு ஏன்? அதன் இரண்டாம் வடிவமான சீரிஸ் 2 வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: எடைதான் காரணம். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த செவன் ஏறக்குறைய அரை டன்தான். எஃகுக் குழாய்ச் சட்டகம், மேலே அலுமினியத் தகடு, அவ்வளவே. சிறிய ஃபோர்டு எஞ்சினே அதைப் பறக்க வைக்கும். அப்போது பிரிட்டனில் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. 1973-இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. ஃபைபர் உடல் கொண்ட சீரிஸ் 4-ஐ விட்டுவிட்டு அவர்கள் சீரிஸ் 3-க்கே திரும்பியது நல்ல முடிவு.

பதில் 2: சீரிஸ் 2-இல் முதலில் பின் அச்சுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அச்சை வண்டியோடு இணைக்கும் ஏ-வடிவச் சட்டம், டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) கூட்டின் அடியில் பிடித்திருக்கும். வளைவுகளில் இழுவை முழுவதும் அங்கே விழுவதால் கூடு நெளிந்து ஆயில் கசியும். கசிந்த ஆயில், சட்டம் பூட்டிய இடத்திலுள்ள ரப்பர் புஷ்ஷை (அதிர்வு தாங்கும் வளையத்தை) ஊறவைத்துக் கெடுக்கும். புஷ் மட்டும் மாற்றுவது வீண்செலவு, கூட்டை வலுப்படுத்துங்கள்.

பதில் 3: அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அரிப்பு நிச்சயம். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் உள்ளே குழாயையும் சோதிக்கவும். புதுப் பெயின்ட்டை நம்பாதீர்கள்!