இப்பே மரத்தில் பசை பிடிக்க வழி உண்டா?

மரவேலை நண்பர்களுக்கு வணக்கம். மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகும் ஒரு பெஞ்சுக்காக இப்பே பலகைகள் வாங்கியிருக்கிறேன். தென் அமெரிக்க மரம். காய்ந்த நிலையிலேயே ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,050 கிலோ. வெட்டி எஞ்சிய துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன், கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டாததால் கடலோர நடைபாதைகளுக்கும் வெளித்தளங்களுக்கும் இதைத் தேடிப் போகிறார்கள்.

பெருமையெல்லாம் சரிதான், அதன் குணம் அறுப்பவனுக்கு அல்லவா தெரியும்! எஃகு வாள் சீக்கிரமே மழுங்கியது. கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த வாளுக்கு மாறிவிட்டேன். முன்துளை போடாமல் ஏற்றினால் திருகாணியின் தலை முறிகிறது. அறுக்கும்போது பறக்கும் மஞ்சள் தூளில் லபச்சால் என்ற பொருள் இருக்கிறது. தோலும் மூக்கும் எரிவதால் முகக்கவசத்தோடுதான் வேலை.

என் சிக்கல் பசை. காலையும் குறுக்குச் சட்டத்தையும் இணைக்கும் மூட்டில் வெள்ளைப் பசை பிடிக்கவே இல்லை. பிரித்தால் தோலாக உரிந்து வருகிறது. மரத்தின் எண்ணெய்ப் பிசுக்குப் போக அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைத்து, உடனே எபாக்சி பசை தடவியவர்கள் இருக்கிறீர்களா? மூட்டு மழைக்காலங்களைத் தாங்கியதா? பாலியூரித்தேன் பசை மேலா?

இன்னொன்று. எண்ணெய் பூசாவிட்டால் மரம் சாம்பல் நிறமாகும், பலம் குறையாது என்பது தெரியும். ஆனால் எனக்கு அந்தப் பழுப்பு நிறம் வேண்டும். இவ்வளவு இறுக்கமான மரத்துக்குள் எந்த எண்ணெய் இறங்கும்? வார்னிஷ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உரிந்ததைச் சுரண்டும் பொறுமை எனக்கில்லை.