கித்தான் சுருளில் கிடைத்த கம்பிகள்

கீழக்கரையிலிருந்து:
வாப்பா காலத்து வீட்டைப் பிரிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, தகரப் பெட்டியின் அடியில் ஒரு கித்தான் சுருள் அகப்பட்டது. உள்ளே வளைந்ததும் நெளிந்ததுமாக இரும்புக் கம்பிகள். மாமி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கள்ளன் சாமான். கடலில் வீசிவிட்டு வா."

வீசவில்லை. இராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம் சாவி வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கம்பியின் நுனியைப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை. "உங்கள் வீட்டில் எந்தக் காலத்துப் பூட்டுகள் இருந்தன?" என்றுதான் முதலில் கேட்டார். பூட்டு தெரியாமல் கருவிக்குப் பெயர் வைப்பது வெட்டிப் பேச்சு என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

எங்களுடையது கனத்த லீவர் பூட்டு. சுருளில் இருந்த விசித்திரமான கருவியும் அதற்குரியதுதான்: ஒரு குழல், அதற்குள் தனியாகச் சுழலும் ஒரு தண்டு, இரண்டின் நுனியிலும் சிறிய மடிப்பு. பெரியவர் ஒரு பழைய பூட்டின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். எல்லாத் தகடுகளும் அதனதன் உயரத்துக்குச் சரியாக எழும்பினால்தான் அவற்றின் வெட்டுகள் நேராகி, தாழ் நகர வழி கிடைக்கும். குறைவாகத் தூக்கினாலும் நகராது, அதிகமாகத் தூக்கினாலும் நகராது. சாவி இந்த வேலையை ஒரே திருப்பில் முடிக்கிறது. கருவியிலோ ஒரு மடிப்பு தாழை அழுத்திப் பிடிக்க, மற்றது தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கும்.

1818இல் இங்கிலாந்தில் சப் என்பவர் இதற்கும் ஒரு பொறி வைத்தாராம். அளவுக்கு மேல் தூக்கினால் ஒரு லீவர் சிக்கிக்கொண்டு, யாரோ கைவைத்த விஷயம் உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதையும் திறந்து காட்டி லண்டனைக் கலக்கினார்.

பாம்பனிலிருந்து:
காக்கா, உங்கள் கதை பெரிய வீட்டுக் கதை. எங்களுடையது படகின் இன்ஜின் அறைப் பூட்டு. உப்புக் காற்றில் பச்சை பூத்து இறுகிப்போனதை மச்சான் முறுக்க, சாவி பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. பூட்டுக்காரர் ரம்ப அலகைப்போல் மெல்லிய ஒரு கம்பியை எடுத்தார். அதன் ஓரத்தில் பின்னோக்கிச் சாய்ந்த சிறு பற்கள். துண்டின் பக்கவாட்டில் நுழைத்து, பற்களைச் சாவி வெட்டில் மாட்டி, இழுத்துவிட்டார். பார்ப்பவர்கள் இதையும் கள்ளக்கருவி என்றுதான் சொல்வார்கள்! முறிந்த சாவியை எடுப்பதைத் தவிர வேறெதற்கும் ஆகாது.

இன்னொன்றும் சொன்னார்: இந்த வகைப் பூட்டுக்குள் ஸ்பிரிங் தள்ளும் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கின்றன, இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உப்பும் தூசியும் சேர்ந்து பசையாகி அவற்றைப் பிடித்துக்கொள்ளும், கிராஃபைட் தூள் போடுங்கள் என்றார். கரையில் யார் கேட்கிறார்கள்? எல்லோர் கையிலும் ஆயில் டப்பாதான்.

கீழக்கரையிலிருந்து:
தம்பி, நீங்கள் சொன்ன பல் கம்பி என் சுருளிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தண்டும் உண்டு. நுனியில் வளைவும் இல்லை, பல்லும் இல்லை. பெரியவரிடம் காட்ட மறந்து பெட்டியிலேயே கிடந்துவிட்டது.

தொண்டியிலிருந்து:
அது எதையும் திறக்காது. பாம்பன் தம்பி சொன்ன ஊசிப் பூட்டில், சாவி நுழைந்து திரும்பும் நடு உருளையைப் பழுதுக்காக வெளியே எடுக்கும்போது, அது விலகும் இடத்தை உடனே வேறொன்று நிரப்ப வேண்டும். இல்லையென்றால் மேல் ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் உள்ளே கொட்டிவிடும். அதற்காக உருளையைப் பின்தொடர்ந்து நுழைக்கும் தண்டு இது. விட்டம் உருளையோடு ஒத்திருக்க வேண்டும். அரிசி அளவு ஸ்பிரிங் மண் தரையில் விழுந்தால் தேடிப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

என் கணிப்பில் அந்தச் சுருள் பூட்டுப் பழுது பார்த்த ஒருவருடையது. திருடப் போகிறவன் இந்தத் தண்டைச் சுமந்துகொண்டு போவானா? உங்கள் மாமியிடம் சொல்லுங்கள்.