வாய்க்கால் வறண்ட மாதங்களில் தீப்பிடித்தால்: டெல்டா அனுபவப் பகிர்வு

தீயணைப்புப் பணியில் இருந்தவர், கும்பகோணம் பக்கம்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். நம் பக்கத்தில் கூரையும் வைக்கோலும் எரிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆறும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர் என்று பெயர். ஆனால் பங்குனி சித்திரையில் தீப்பிடித்தால் வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடைக்காது.

தீயணைப்பு வண்டியில் பொதுவாக 4,500 லிட்டர் இருக்கும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்து நிமிடம் வரும், இரண்டு குழாய் போட்டால் ஐந்தே நிமிடம். "வண்டி வந்தும் தண்ணீர் இல்லை" என்று ஊர் கொதிப்பது இந்தக் கணக்கு தெரியாததால். அடுத்த தண்ணீர் எங்கே என்பதை ஊர்தான் காட்ட வேண்டும். குளம் என்றால் வண்டி கரைவரை போக வேண்டும். பம்பு ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சத் திணறும். உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள வலை தண்ணீருக்குள் ஒன்றரை அடியாவது முழுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றை இழுத்துப் பம்பு நின்றுவிடும். ஆகாயத்தாமரை அடர்ந்த குளத்தில் அந்த வலை இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். வலையைச் சுற்றி ஒரு மூங்கில் கூடையைக் கட்டி இறக்கினால் அடைக்காது. மாட்டுச் சாணம் அள்ளும் கூடை போதும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. தீ என்றதும் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் ஊரிலுள்ள போர்வெல் மோட்டார்கள் எல்லாம் நின்றுவிடும். ஆகவே டீசல் இன்ஜின் யார் வீட்டில் இருக்கிறது, அதில் டீசல் இருக்கிறதா, குழாய் எத்தனை அடி என்று மாசி மாதமே பார்த்து வையுங்கள்.

101-ஐ செல்போனில் அழைத்தால் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து நிலையத்துக்குச் செய்தி வரலாம். எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியாது. முதலில் மாவட்டம், தாலுகா, பிறகு ஊர், தெரு. ஒரே பெயரில் நம் பக்கம் எத்தனை ஊர்! "மேலத்தெரு பிள்ளையார் கோயில்" என்றால் எந்த ஊரிலும் உண்டு. அடுத்து என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, எந்த வழியாக வர வேண்டும். நிறைந்த வண்டி பத்து டன்னுக்குக் குறையாது. வாய்க்கால் மதகு தாங்காது என்று தெரிந்தால் போனிலேயே சொல்லுங்கள். மெயின் ரோட்டில் டூவீலரோடு ஒருவர் நின்று வழிகாட்டினால் பல நிமிடம் மிச்சம். உங்கள் நிலையத்தின் தரைவழி எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஊராட்சிப் பணியாளர், திருத்துறைப்பூண்டி பக்கம்

அண்ணன் சொன்னதோடு கூரைத் தெரு பற்றி. ஒரு கீற்று வீடு பற்றிக்கொண்டால் எல்லாரும் குடத்தோடு அந்த வீட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். அந்த வீட்டுக்குள் ஆள் இல்லை என்று உறுதியானதும், குடத்துத் தண்ணீர் போக வேண்டிய இடம் காற்று போகும் திசையில் உள்ள அடுத்த கூரை. மேல்காற்று அடிக்கும் மாதத்தில் மேற்கே பிடித்த தீ கிழக்கே ஓடும். கிழக்குப் பக்கத்துக் கூரையில் நனைந்த சாக்கு, நனைந்த படுதா போட்டு மூடுங்கள். தெருவில் பொறி பறக்கிறதென்றால் இரண்டாவது வீட்டின் கூரையைக் கொக்கியால் இழுத்துப் பிரித்துவிடுங்கள். நீண்ட மூங்கில் கழியில் அரிவாளை இறுகக் கட்டினால் அதுவே கொக்கி. கூரையின் நடு முகட்டிலிருந்து கீழ்நோக்கி இழுத்தால் கயிறு அறுந்து பாளம் பாளமாக வரும், ஓரத்திலிருந்து இழுத்தால் வராது.

அதே நேரத்தில் பக்கத்து வீடுகளின் கேஸ் சிலிண்டர்கள் வெளியே போக வேண்டும். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ வரும், இரண்டு பேர் பிடியுங்கள், உருட்டாதீர்கள். காற்று வரும் பக்கமாகத் தூரத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

கல்யாண, திருவிழாப் பந்தல்களையும் சொல்ல வேண்டும். 1997-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனதும் சமையலிடத்துத் தீ கூரைக் கீற்றில் ஏறித்தான். கீற்றுப் பந்தலில் அடுப்பு வைக்கவே கூடாது. சமையலுக்குத் தகரக் கொட்டகையைத் தனியாகப் போடுங்கள். பந்தலுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வழி, இரண்டிலும் நாற்காலி அடுக்காமல் இருக்கட்டும். இதைக் கேட்டால் பந்தல்காரர் சங்கடப்படுவார், கேட்கத்தான் வேண்டும்.

கேஸ் அடுப்பு மெக்கானிக், மன்னார்குடி

வீட்டுக் கேஸ் தீயில் அடிக்கடி தென்படுவது மூன்று இடம். முதலாவது வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள், வளையம் விளிம்பில் வெடித்தோ ஒரு பக்கம் தூக்கியோ இருந்தால் ரெகுலேட்டர் எவ்வளவு இறுகினாலும் கசியும். சிலிண்டர் கொண்டுவரும் தம்பியிடம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வளையம் சரியில்லை என்றால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். வளையத்தின் மேல் எண்ணெய் தடவுவது தவறு.

இரண்டாவது ட்யூப். நெல் மூட்டை இருக்கும் வீட்டில் எலி நிச்சயம். எலி கடித்த ட்யூப் மேடைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத வளைவில்தான் இருக்கும். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாய் கம்பி வலைப் பின்னல் உள்ளது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள். கசிவு பார்க்க சோப்பு நுரை போதும். தீக்குச்சியைக் காட்டுகிறவர்களை இன்றும் பார்க்க முடிகிறது, வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது சிலிண்டரைவிட உயரத்தில் அடுப்பு இருக்கிறதா என்பது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் படுத்து நிற்கும். மேலே இருக்கும் சின்ன ஜன்னலைத் திறந்தால் போகாது, வாசல் கதவைத் திறக்க வேண்டும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்கள். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. அணைக்கும்போதும் பொறி வரும். வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள், அது கேஸ் கசிவுக்கான எண்.

சிலிண்டர் வாயிலேயே எரிந்தால்? கேஸை மூடாமல் தீயை மட்டும் அணைத்தால் கசிந்த கேஸ் அறையை நிறைத்துப் பிறகு வெடிக்கும். நனைந்த சாக்கைக் கைமீது போர்த்தி பக்கவாட்டில் வந்து ரெகுலேட்டரை மூடுங்கள். நெருங்க முடியாவிட்டால் விட்டுவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் கூடாது. தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு பெருகும்போது எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கிப் போடும். அடுப்பை அணைத்து, சட்டியை விடப் பெரிய தட்டைப் பக்கவாட்டில் சறுக்கி மூடுங்கள். உடனே திறந்து பார்க்காதீர்கள், ஆற விடுங்கள்.

வைக்கோல் கட்டு மெஷின் வைத்திருப்பவர், ஒரத்தநாடு

குறுவை அறுப்பு மழையில் சிக்கினால் அந்த வைக்கோலைக் கட்டி அடுக்குவது ஆபத்து. ஈரமான போருக்குள் பூஞ்சையும் கிருமியும் பெருகிச் சூடு ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது, புளித்த அல்லது வெல்லம் காய்ச்சுவது போன்ற வாடை மட்டும் வரும். கடப்பாரையை நடுவரை குத்தி இருபது நிமிடம் கழித்து உருவுங்கள். உள்ளங்கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் போரைப் பிரிக்காமல் முதலில் 101-ஐ அழையுங்கள். பிரித்ததும் காற்று புகுந்து குப்பென்று பிடிக்கும். தண்ணீரும் ஆட்களும் தயாராக இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். வீட்டுக்கும் போருக்கும் இடையே குறைந்தது முப்பது அடி விடுங்கள், போருக்கு மேலே கம்பி போகக் கூடாது.

ஏற்றும் வண்டிதான் இன்னும் மோசம். பாரம் உயரமாக ஏற்றி, தொய்ந்து தாழ்ந்த லைனில் உரசிப் பிடிக்கிறது. ஓடும் வண்டியில் தீ தெரிந்தால் வேகமெடுக்காதீர்கள், காற்று விசிறிவிடும். வீடுகளைத் தாண்டி வெற்று வயலில் நிறுத்தி, டிராக்டரை ட்ரெய்லரிலிருந்து பின்னைக் கழற்றிப் பிரித்து முன்னால் ஓட்டிவிடுங்கள். கம்பி வண்டிமேல் கிடந்தால் இறங்காதீர்கள். தீயால் இறங்கியே ஆக வேண்டுமென்றால் இரு காலையும் சேர்த்துக் குதியுங்கள், வண்டியையும் தரையையும் ஒரே நேரம் தொடக் கூடாது. பிறகு காலைத் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

எலக்ட்ரீஷியன், பாபநாசம்

ஃப்யூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக் கம்பியை மூன்று இழை முறுக்கிப் போடுகிறார்கள். அந்தக் கம்பி போகாது, சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் உருகும். பழைய வீட்டில் ஏசி போடும் முன் அதற்குத் தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்). மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்) போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். பிளக் பாயின்ட் பழுப்பேறினால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மின் தீக்குத் தண்ணீர் வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு ஏபிசி பவுடர் அல்லது சிஓ2 தீயணைப்பான். பவுடர் தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள். பவுடர் கட்டிதட்டாமல் இருக்க அவ்வப்போது தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள்.

செவிலியர், தஞ்சாவூர்

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம், அவ்வளவுதான். பேனா மை, பற்பசை, மாவு எதையும் தடவிக் கொண்டு வராதீர்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் காயம் இன்னும் ரணமாகும். பனிக்கட்டியும் வேண்டாம். ஒட்டிய துணியை இழுக்காமல் சுற்றிலும் வெட்டுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள்.

தீயணைப்புப் பணியில் இருந்தவர், கும்பகோணம் பக்கம்

இரண்டு கேள்விகள் தனியாக வந்திருக்கின்றன.

பனைமரத்தில் உள்ள கதண்டு (விஷவண்டு) கூட்டை என்ன செய்வது: தீப்பந்தம் கட்டித் தாங்களே எரிக்கிறார்கள். காய்ந்த மட்டை பற்றி, கொட்டுப்பட்டும் இறங்கமுடியாமலும் ஆகி, தீ கீழே கூரையில் விழுகிறது. நிலையத்துக்குச் சொல்லுங்கள், வண்டுகள் கூடு திரும்பிய பிறகு இருட்டில்தான் வருவோம். அதுவரை மரத்தடியில் புகைபோடாதீர்கள்.

தீ விபத்துக்குப் பிறகு என்ன காகிதம் வாங்க வேண்டும்: தீயணைத்ததற்குக் கட்டணம் கிடையாது. இன்சூரன்ஸ், நிவாரணம் எதற்கும் தீ விபத்து அறிக்கை தேவைப்படும், நிலையத்தில் மனு கொடுங்கள். சாம்பலை அள்ளும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அன்றே கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக் காட்டுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பத்திரம் எரிந்திருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் மனுவிலேயே எழுதுங்கள், பிறகு சேர்த்துக்கொள்வது சிரமம்.